அம்மாவின் தீராத ரத்தசோகை: பழைய சிகிச்சைதான் காரணமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. எட்டு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக் குணமானார். இப்போது ரத்தசோகை தீராததால் எலும்பு மஜ்ஜையைச் சோதித்து, மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் (மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக முதிராத நோய்) என்கிறார்கள். இது அபூர்வமான நோயா? அன்று சிகிச்சைக்குச் சம்மதித்தது என் தவறா? எனக்கும் வருமா?

பதில்: அபூர்வமா என்பதற்கு, எந்த வயதினரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே விடை சொல்ல முடியும். மேலை நாடுகளின் பதிவேடுகளில், எல்லா வயதினரையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 4 பேருக்கே இது புதிதாகக் கண்டறியப்படுகிறது. 70 வயதைக் கடந்தவர்களை மட்டும் எண்ணினால் அது 20-ஐயும் தாண்டுகிறது. முதியவரின் ரத்தசோகையைத் தளர்ச்சி என்று விட்டுவிடும் வழக்கத்தால் மஜ்ஜைப் பரிசோதனைவரை போகாதவர்களும் உண்டு என்பதால், உண்மைக் கணக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் ஆயுள் முழுவதும் பிரிந்துகொண்டே இருப்பதால், அவற்றில் மரபணுப் பிழைகள் சேர்கின்றன. பிழைபட்ட ஒரு செல்லின் வழித்தோன்றல்கள் மஜ்ஜையில் பெருகினாலும், அவற்றில் பெரும்பாலானவை முதிராமல் அங்கேயே மடிந்துவிடுவதால்தான், மஜ்ஜை நிறைந்திருந்தும் ரத்தத்தில் அணுக்கள் குறைகின்றன.

பழைய கீமோதெரபிக்குப் பங்கு இருக்கலாம். சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகளால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகளில் தலைகாட்டும். டாக்ஸோரூபிசின் வகை மருந்துகளில் 1 முதல் 5 ஆண்டுகளில். கதிர்வீச்சு சிகிச்சைக்கும் இந்த ஆபத்து உண்டு. இந்நோயாளிகளில் சுமார் 10 முதல் 15 சதவீதத்தினர் இத்தகைய சிகிச்சைகளுக்குப் பின் நோயுற்றவர்கள். 5 அல்லது 7-ஆம் குரோமோசோமில் இழப்பு தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் வயதினால் மட்டுமே வந்த நோயிலும் அந்த இழப்பு காணப்படுவதுண்டு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் மிகச் சிலருக்கே இது வருகிறது. சிகிச்சையை மறுத்திருந்தால் அம்மா சந்தித்திருக்கக்கூடிய ஆபத்து அதைவிடப் பெரிது. அந்தச் சம்மதத்தைத் தவறென்று நான் கருதவில்லை.

புகைபிடித்தலும், நெடுநாள் பென்சீன் ஆவியைச் சுவாசித்தலும் ஆபத்தைக் கூட்டும். பரம்பரையாக வருவது குறைவு. ஃபான்கோனி ரத்தசோகை போன்ற பிறவிக் குறைபாடுகள் உள்ள குடும்பங்களிலும், நெருங்கிய உறவினர் பலருக்கு ரத்த நோய்கள் இருந்த குடும்பங்களிலும் முக்கியமாக அதைத் தனியாக ஆராய வேண்டும்.

அன்றைய மருந்துகளின் பெயர், அளவு, தேதி அடங்கிய கோப்பைத் தேடி ரத்தநோய் மருத்துவரிடம் கொடுங்கள். நோயை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவுசெய்ய அது தேவைப்படும். மஜ்ஜை மாற்று சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால், தானம் தர முன்வரும் உறவினரின் குடும்ப வரலாற்றையும் கேட்பார்கள். அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.