பழைய பேஸ் கிட்டார்: கேட்டவை, சொன்னவை

கேள்வி: தோட்டத்து இசைக்குழுவில் சித்தப்பா வாசித்த பேஸ் கிட்டார் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. தலையில் ஃபெண்டர் பிரிசிஷன் என்று இருக்கிறது. "இது அறுபத்திரண்டாம் வருஷத்து மாடல், விற்றால் காரே வாங்கலாம்" என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தலையில் உள்ள பெயரைக் கடைசியாகப் பாருங்கள். போலியாக ஒட்ட அதைவிட எளிதானது வேறில்லை. ஃபெண்டர் 1982இல் ஜப்பானில் செய்யத் தொடங்கியபோது 1962ஆம் ஆண்டு வடிவத்தையே மறுபடி கொண்டுவந்தது. ஆமையோட்டு நிற முன்பலகை, ரோஸ்வுட் விரல்பலகை, இரண்டாகப் பிரிந்த பிக்அப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் சுருள்) எல்லாம் அப்படியே இருக்கும். பின்பக்கத் தகட்டு எண் 'ஜே.வி.' என்று தொடங்கினால் அது 1982–84 ஜப்பான் வேலை. அருமையான வேலைதான், விலைதான் வேறு. வெறும் எண் இருந்தாலும் முழுதாக நம்பாதீர்கள். நாலு திருகைக் கழற்றினால் தகடு மாறிவிடும்.

கழுத்தைக் கழற்றிப் பார்ப்பதே சரி. கம்பிகளை முழுதாகத் தளர்த்திவிட்டு, திருகின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால் நான்கையும் எடுங்கள். கழுத்தின் அடிமுனையில் மாதமும் ஆண்டும் பென்சிலிலோ முத்திரையாகவோ இருக்க வேண்டும். அடுத்து முன்பலகையைத் திறந்து வால்யூம், டோன் பாட்களில் (குமிழுக்கு அடியில் சுழலும் மின் பாகம்) உள்ள எண்ணைப் படியுங்கள். 304 என்று தொடங்கினால் செய்த நிறுவனம் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். 3046212 என்பது 1962ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். அது பாட் செய்த தேதி. அந்த பாட் உள்ள கிட்டார் 1963இல் வந்திருக்கலாம், 1961இல் வந்திருக்க முடியாது. ஈயப்பற்று புதிதாகப் பளபளத்தால் யாரோ ஏற்கெனவே கைவைத்திருக்கிறார்கள்.

பழைய ஃபெண்டரில் ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள் இரும்புக் கம்பி) திருகும் இடமும் இந்த அடிமுனையில்தான். கம்பிகளைத் தளர்த்தும் முன்பே அளந்துகொள்ளுங்கள்: முதல் ஃப்ரெட்டிலும் (விரல்பலகையின் குறுக்குக் கம்பி) கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்தினால் எட்டாவது ஃப்ரெட்டில் சுமார் 0.35 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதற்கு மேல் வளைந்திருந்தால் கழற்றிய கையோடு கால் சுற்று மட்டும் வலப்பக்கம் இறுக்குங்கள். பூட்டி, கம்பி ஏற்றி, ஓர் இரவு விட்டு மறுபடி அளங்கள். பூட்டும்போது திருகை முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றி, அது பழைய புரியில் விழுந்ததும் இறுக்குங்கள். எடுத்த எடுப்பில் இறுக்கினால் மரத்தில் புதுப் புரி வெட்டி, பிடிமானம் போய்விடும்.

விற்கிற எண்ணம் இருந்தால் பெயின்ட் அடிக்கவே கூடாது. கழற்றிய பழைய பாகங்களையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: பிரிசிஷனில் தடித்த இரண்டு கம்பிகளும் நன்றாகக் கேட்கின்றன. டி, ஜி இரண்டும் மங்கல். புது பிக்அப் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கவா?

பதில்: பொறுங்கள். 1957 முதல் வரும் இந்தப் பிளவு பிக்அப்பில் ஒரு பாதிக்கு இரண்டு கம்பிகள்; இரு பாதிகளும் தொடராக இணைந்தவை. ஒன்றில் ஒயர் அறுந்தால் நான்கு கம்பியுமே போயிருக்கும். பெரும்பாலும் பாதிக்கு அடியில் உள்ள பஞ்சு மக்கி, அந்தப் பாதி கீழே இறங்கியிருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் பஞ்சு நாள்பட்டால் மாவாக உதிரும். இரண்டு திருகை எடுத்து, சற்று அழுத்தமான புதுப் பஞ்சை வையுங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பார்த்தால் தடித்த கம்பிப் பக்கம் 3 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2.5 மில்லிமீட்டர் அளவில் கம்பிக்கும் பிக்அப்புக்கும் இடைவெளி இருக்கட்டும்.

அப்போதும் மங்கலானால் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, மறுமுனையில் மல்டிமீட்டரால் அளங்கள். 10 கிலோ ஓம் அளவில் வந்தால் சுருள் நலம். 5 அளவில் வந்தால் ஒரு பாதி உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம். அதை மட்டும் சுற்றக் கொடுங்கள்.

கேள்வி: ஃபெண்டரின் ஜாஸ் பேஸில் ஒரு வால்யூமைக் குறைத்தால் இரைச்சல் வருகிறது. பழுதா?

பதில்: இல்லை. 1960இல் வந்த அந்த வடிவமே அப்படித்தான். எதிர் எதிராகச் சுற்றிய இரண்டு ஒற்றைச் சுருள் பிக்அப்கள், சம அளவில் திறந்தால்தான் ஒன்றின் இரைச்சலை மற்றது அடிக்கும். கம்பியைத் தொட்டும் இரைச்சல் குறையாமல், ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. அது பழுது.

கேள்வி: மகளுக்குக் கை சின்னது. பழைய மாடலில் எது தோது?

பதில்: பிரிசிஷன், ஜாஸ் இரண்டிலும் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். வயலின் வடிவ ஹோஃப்னர் 500/1 சுமார் 30, கிப்சன் ஈ.பி.-3 30.5 அங்குலம். அவற்றுக்குக் குட்டை அளவுக் கம்பியே வாங்குங்கள். நீளக் கம்பியைப் போட்டால் தடித்த பகுதியே முறுக்காணியில் சுற்றி, உறை பிரிந்து சுருதி நிற்காது.

கேள்வி: ஸ்டாண்டில் நின்ற கிட்டாரின் வார்னிஷ் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஏன்?

பதில்: ஸ்டாண்டின் ரப்பர் பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) வார்னிஷை இளக்கிவிடும். ரப்பர் மேல் பருத்தித் துணி சுற்றுங்கள். தின்னர் தொட்டுத் துடைத்தால் மிச்ச வார்னிஷும் போகும்.