தேன்சிட்டு வரலன்னு கேட்டவங்களுக்கு

மாடில ரோஜாவும் அடுக்குச் செம்பருத்தியுமா பூத்துக் குலுங்குது, பங்குனி வந்தும் ஒரு தேன்சிட்டு கூட எட்டிப் பாக்கலன்னு வருத்தப்பட்டிருந்தீங்க. ரோஜால அதுக்குத் தேன் கிடைக்காதுங்க, அடுக்குப் பூவுல இதழ் அடைச்சுக்கிட்டு அலகு நுழையாது. ஒத்தச் செம்பருத்தி, இட்லிப்பூ வைங்க, இடமிருந்தா ஒரு வாழை, வாழைப்பூன்னா அதுக்கு உயிரு.

மாவுப்பூச்சிக்கு மருந்தடிக்கிறேன்னு எழுதியிருக்கீங்களே, அத மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க, ஏன்னா தேன் குடிச்சாலும் குஞ்சுக்கு ஊட்டுறது புழு, பூச்சி, சிலந்திதான். மூலைல இருக்கிற சிலந்தி வலையையும் தொடப்பத்தால தட்டிராதீங்க, அத எடுத்துத்தான் நாரு, காஞ்ச எலைன்னு எல்லாத்தையும் ஒட்டவெச்சு பெண் சிட்டு தொங்குற கூட்ட கட்டும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும்! துணிக்கொடில கட்ட ஆரம்பிச்சா அந்தப் பக்கம் துணி போடாதீங்க, முட்டை பொரியவே ரெண்டு வாரம் போல ஆகும்.