வலி போய்விட்டது, பரு மட்டும் வந்து போகிறது: பல் டொக்டரிடம் போக வேண்டுமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், வயது 58. இரண்டு மாதத்துக்கு முன் வலப்பக்கக் கீழ்க் கொடுப்புப் பல்லில் தாங்க முடியாத வலி. படுத்தால் கூடும். சூடாகத் தேத்தண்ணி குடித்தால் உயிர் போகும். பக்கத்துப் பாமசியில் சொல்லி ஐந்து நாளைக்குக் குளிசை வாங்கிப் போட்டேன், சுகமாகிவிட்டது. இப்போது வலியே இல்லை. ஆனால் அந்தப் பல்லுக்குக் கீழே முரசில் ஒரு சின்னப் பரு வருகிறது, தானே உடைந்து வாயில் உப்புக் கரிக்கிறது, பிறகு வற்றிவிடுகிறது. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் போடுகிறேன். வலி இல்லாதபோது போய்க் காசு செலவழிக்கத்தான் வேண்டுமா? பல் பிடுங்க முன்பு அந்தக் குளிசைகளை நிறுத்த வேண்டும் என்கிறார்களே, உண்மையா? வீட்டுக்கே வந்து குறைந்த விலையில் பல்லைப் பிடுங்கி, புதுப் பல்லும் கட்டித் தருகிற ஒருவரைத் தெரியும் என்று மச்சான் சொல்கிறார். அவரைக் கூப்பிடலாமா?

பதில்: போக வேண்டும் ஐயா, இந்தக் கிழமையே. குளிசைகளை நிறுத்தாதீர்கள். மச்சான் சொன்ன ஆளைக் கூப்பிடாதீர்கள். அவசரமானவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், காரணம் வேண்டும் என்பவர்கள் மேலே வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் முதலில் பார்த்தது ‘படுத்தால் கூடும்’, ‘சூடு பட்டால் உயிர் போகும்’ என்ற இரண்டும்தான். குளிர் தண்ணீர் பட்டுச் சுரீர் என்று கூசி, சில விநாடிகளில் அடங்கிவிட்டால் பல்லின் உள்நரம்பு இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் வந்தால் சூத்தையைச் சுரண்டி அடைப்பதோடு வேலை முடியும். தண்ணீரை விழுங்கிய பிறகும் வலி நிமிடக்கணக்கில் நின்றால், சூடு பட்டுக் கூடினால், ஒன்றுமே படாமல் தானாக வந்து இரவில் எழுப்பினால், கிருமி நரம்பைத் தொட்டுவிட்டது. அந்த நரம்பு இனித் தேறாது, மெல்லச் செத்துப்போகும். செத்த நரம்புக்கு வலி தெரியாது. உங்களுக்கு வலி நின்றது அதனால்தான். குளிசைக்கு அதில் பெரிய பங்கில்லை. அதே வாரத்தில் நீங்கள் கொத்தமல்லி அவித்துக் குடித்திருந்தால் கொத்தமல்லிக்குத்தான் அந்தப் பெயர் போயிருக்கும்.

நரம்பு செத்த பிறகும் கிருமி உள்ளேதான் இருக்கிறது. வேர் நுனியால் வெளியேறித் தாடை எலும்பில் சீழ் கட்டுகிறது. அந்தச் சீழ் எலும்பைத் துளைத்து வெளியே வர எடுத்த வழிதான் உங்கள் முரசில் வரும் பரு. பிரஷர் குக்கரில் விசில் அடிக்கிற மாதிரி. ஆவி போவதால் மூடி பறக்கவில்லை, ஆனால் அடியில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வழி ஒருநாள் அடைபட்டால் ஒரே இரவில் கன்னம் வீங்கும். வழி திறந்தே இருந்தாலும், மாதக்கணக்கில் வேரைச் சுற்றி எலும்பு கரையும். பருவை ஊசியால் குத்தாதீர்கள், நசுக்காதீர்கள். பல் வலிக்குக் கராம்பு எண்ணெய் ஒரு துளியைப் பஞ்சில் தொட்டு வைப்பதில் பிழையில்லை. உள்ளிப்பூண்டை நசுக்கி முரசில் வைப்பதும், அஸ்பிரினைப் பல்லுக்குப் பக்கத்தில் அடக்கிக்கொள்வதும் சதையைச் சுட்டுப் புண்ணாக்கும். அந்தப் புண்ணோடு வருகிறவர்களையும் பார்க்கிறேன்.

இனிப் பாமசிக் கதை. அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதவும் முடியாது, ஏனென்றால் பெயர் தெரியாமல் வெட்டிக் கடதாசிப் பையில் போட்டுத் தந்திருப்பார்கள். கொழும்பில் பல் வலி என்று சொன்னால் கை தானாகப் போகிற தட்டுகள் எனக்குத் தெரியும்: அமொக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு அன்டிபயோட்டிக், கூடவே டைக்ளோபெனாக் என்ற வலிக் குளிசை. அன்டிபயோட்டிக் என்பது டொக்டரின் துண்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் வந்தது 2015இல். சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது, கவுன்டர் இன்னொரு பக்கம் இருக்கிறது. யாரும் போய்ப் பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உங்கள் விஷயத்தில் இது வெறும் வீண் செலவு அல்ல, ஆபத்து. செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. இரத்தம் போகாத இடத்துக்குக் குளிசையும் போகாது. வெளியே உள்ள வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். டைக்ளோபெனாக்கோ இதய நோயாளிக்குக் கொடுக்கக் கூடாத வலி மருந்து. அதை அஸ்பிரின், குளோபிடோக்ரலோடு சேர்த்தால் வயிற்றில் இரத்தம் கசிய நல்ல வாய்ப்பு. இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் போடுகிறவருக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தால் வாபரினின் வேகம் ஏறி இரத்தம் நிற்காமல் போகலாம். கவுன்டரில் நிற்கிற தம்பி ‘வேறு ஏதாவது குளிசை போடுகிறீர்களா’ என்று உங்களிடம் கேட்டாரா? வலிக்கு அவசரமாக ஏதாவது வேண்டுமென்றால் பெனடோல் போடுங்கள். 500 மில்லிகிராம் குளிசை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது பல்லால் வந்ததா டெங்கா என்பதை இந்த ஊரில் டொக்டர்தான் சொல்ல வேண்டும். டெங்கில் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் வகை மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டும்.

அடுத்து அந்த இதயக் குளிசைகள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் பிள்ளைகளும் அயலவர்களும் சில வேளைகளில் பழைய டொக்டர்மாரும்கூட ‘பல் பிடுங்க முன்பு ஒரு கிழமை நிறுத்து’ என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஸ்டென்டுக்குள் இரத்தம் கட்டிப்படாமல் பார்த்துக்கொள்கின்றன. அவற்றை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம். அதன் பெயர் மாரடைப்பு. பல் பிடுங்கிய குழியில் இரத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட நேரம் கசியும், உண்மைதான். ஆனால் அது என் கண்ணுக்கு முன்னால், விரல் எட்டும் இடத்தில் கசிகிறது. கோஸ் துணியை வைத்து அரை மணித்தியாலம் கடித்திருக்கச் சொல்லலாம், குழிக்குள் இரத்தம் உறைய வைக்கும் பஞ்சை வைக்கலாம், மேலே இரண்டு தையல் போடலாம். இதயக் குழாய்க்குள் அடைபட்டால் எந்தப் பல் டொக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இந்த இரண்டையும் போடுகிறவருக்கு அவற்றை நிறுத்தாமலே ஒரு பல்லைப் பிடுங்குவதுதான் இன்றைய முறை. ஒரே நாளில் நாலைந்து பல் வேண்டாம். திங்களோ செவ்வாயோ காலையில் வைத்துக்கொண்டால் நல்லது, திரும்பக் கசிந்தால் பகலிலேயே வந்து காட்டலாம். ஸ்டென்ட் வைத்து இன்னும் எத்தனை மாதம் இரண்டு குளிசையும் வேண்டும் என்பதை உங்கள் இதய டொக்டர் சொல்லட்டும், பல் டொக்டர் அவரோடு பேசட்டும். உங்கள் மச்சான் அதில் வேண்டாம். வாபரின்காரர்கள் நிறுத்தாமல், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதித்து, அந்தப் புது ரிப்போர்ட்டோடு போக வேண்டும். இன்னொன்று: ஸ்டென்டுக்காக முன்கூட்டியே அன்டிபயோட்டிக் தேவையில்லை. அது செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உள்ளுறையில் கிருமி தொற்றியவர்கள் போன்ற சிலருக்கு மட்டும்.

அந்த வீட்டுக்கு வருகிற மனிதர். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த வகையைத் தெரியும். கட்டுப்பல் செய்யும் இடத்தில் வேலை பழகியிருப்பார். பல் டொக்டர் எடுத்துக் கொடுத்த அச்சில் பல் செய்வதுதான் அவர் கற்ற தொழில், கெட்டிக்காரராகவும் இருக்கலாம். ஆனால் வாயில் ஊசி போடவும் பல் பிடுங்கவும் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் டொக்டருக்குத்தான் உரிமை. பதிவு இருக்கிறதா என்று பெயரைக் கொண்டு பார்க்கலாம், கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் இரத்தம் இளக்கும் குளிசை இரண்டு போடுகிறவர். உங்கள் வீட்டுக் கதிரையில் பல்லைப் பிடுங்கிவிட்டு அவர் ஓட்டோவில் ஏறிப் போன பிறகு கசிவு நிற்காவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? குறட்டைக் கேத்தல் தண்ணீரில் அவித்தேன் என்பார். கொதித்த தண்ணீரில் அவிப்பது முழுக் கிருமி நீக்கம் ஆகாது, அதற்கு 121 அல்லது 134 பாகையில் அழுத்த நீராவி வேண்டும். இல்லையென்றால் முன்பு படுத்திருந்தவரின் ஹெப்படைட்டிஸ் பி என்ற ஈரல் தொற்று உங்களுக்கும் வரலாம்.

அவர் கட்டித் தரும் ‘கழற்றத் தேவையில்லாத’ பல்லைப் பற்றியும் ஒரு சொல். பக்கத்து நல்ல பற்களில் கம்பியைச் சுற்றி, அக்ரிலிக் பசையைப் பூசி ஒட்டிவிடுவது அது. ஒட்டிய இடத்துக்குள் பிரஷ் போகாது, சாப்பாடு அடையும், முரசு அழுகும். ஒரு பல் இல்லாத குறைக்கு வந்தவர் மூன்று பல் ஆடுகிற நிலையில் என்னிடம் வருவார். அதை வெட்டிக் கழற்றுவதே பெரிய வேலை.

மலிவு ஏன் தேவைப்படுகிறது என்பதும் எனக்கு விளங்குகிறது. தனியார் கிளினிக்கில் ரூட் கனாலும் (செத்த நரம்பை எடுத்து வேரைச் சுத்தம் செய்து அடைப்பது) அதற்கு மேல் கிரௌனும் (பல்லுக்கு மேல் போடும் உறை) என்றால் பென்ஷன்காரருக்கு அது சின்னக் காசல்ல. அரசாங்கத்தில் இலவசம். கொழும்பு 7, வோட் பிளேசில் தேசிய பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது, சாதாரண அரச ஆஸ்பத்திரிகளிலும் பல் பிரிவு உண்டு. பிடுங்குவது என்றால் பெரும்பாலும் சீக்கிரம் ஆகும். பல்லைக் காப்பாற்ற வேண்டும் என்றால்தான் வரிசை, தவணை, திரும்பத் தவணை. காப்பாற்றக் காத்திருக்க வேண்டும், பிடுங்கக் காத்திருக்கத் தேவையில்லை என்று வைத்துவிட்டு, சனம் பல்லைப் பேணுவதில்லை என்று மேடையில் பேசுகிறோம். தமிழில் மட்டும் பேசத் தெரிந்த ஒரு அம்மா எந்தக் கவுன்டரில் நிற்பது என்று தெரியாமல் பாதி நாள் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் போங்கள். சிங்களம் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போங்கள்.

தனியாரில் சனல் பண்ணிப் போனால், எக்ஸ்ரே எடுத்து அதை உங்களுக்கே காட்டச் சொல்லுங்கள். வேரைச் சுற்றிக் கறுப்பு நிழல் தெரியும். பிடுங்குவதா, ரூட் கனால் செய்து வைத்திருப்பதா என்பது அந்தப் பல்லில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, சுற்றி எலும்பு எப்படி என்பதைப் பொறுத்தது. கிரௌன் உட்பட முழுக்க எவ்வளவு ஆகும் என்று தொடங்க முன்பே எழுதி வாங்குங்கள். ரூட் கனாலுக்கு ஒரு விலை சொல்லி, பாதியில் கிரௌன் வேண்டும் என்று இன்னொரு விலை சொல்லும் இடங்கள் உண்டு. கூட்டிக்கொண்டு வருகிறவருக்குக் கமிஷன் கொடுக்கிற இடமும் உண்டு. அதனால் ‘எனக்குத் தெரிந்த கிளினிக்’ என்று ஒருவர் மிகவும் அக்கறைப்பட்டால், அவருக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று யோசியுங்கள்.

இவ்வளவும் பரு வந்து போகிற வரைக்கும். தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் வீங்கினால், வீக்கம் நாக்கை மேலே தள்ளினால், எச்சில் விழுங்கக் கஷ்டமானால், வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காவிட்டால், மூச்சு எடுக்கச் சிரமமானால் பல் கிளினிக்கைத் தேடாதீர்கள், விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். நேரே தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு. பல்லிலிருந்து இறங்கிய சீழ் மூச்சுக்குழாயை அடைத்து ஆளைக் கொல்லும். வீக்கத்தின்மேல் சூட்டு ஒத்தடமும் வேண்டாம். நீங்கள் இதய நோயாளி என்பதால் இன்னொன்றும்: படி ஏறும்போது தாடை வலித்து, நின்றால் குறைகிறதென்றால் அது பல் வலி இல்லை. அதற்கும் ஆஸ்பத்திரிதான்.

வெற்றிலை போடுவீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்காமல் விடுவதில்லை. இந்த நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்கவில்லை, வெறும் பாக்குத்தான் என்பது சாட்டு இல்லை. பாக்கு மட்டுமே புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே சொல்லிவிட்டது. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தடிப்பு, உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக வைக்க முடியாத அளவுக்கு வாய் இறுகுதல் என்று ஏதாவது இருந்தால், பல்லைக் காட்டும்போது அதையும் காட்டுங்கள். அது பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் பிந்தி வருகிறார்கள்.

போகிற நாளில் காலைச் சாப்பாட்டை விடாதீர்கள், வழமையான குளிசைகளையும் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டையும், கிளினிக் கொப்பியையும், போடுகிற எல்லாக் குளிசைகளின் தட்டுகளையும் ஒரு பையில் கொண்டுபோங்கள். பாமசியில் தந்த அந்தப் பொட்டலத்தில் மிச்சம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், என்ன போட்டீர்கள் என்று டொக்டர் பார்க்கட்டும்.