கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: இங்கிலாந்தில், லெஸ்டரில் மகள் வீட்டில் இருக்கிறேன். 'சேலஞ்ச்' சேனலில் முப்பது, நாற்பது வருடத்துப் பழைய போட்டி நிகழ்ச்சிகளையே போடுகிறார்கள். இதையெல்லாம் யாரம்மா உட்கார்ந்து பார்க்கிறார்கள்?
- ஒரு வாசகி

பதில்: நான்தான்! அங்கே இருந்த இரண்டு குளிர்காலங்களும் 'புல்ஸ்ஐ'யோடுதான் கழிந்தன. ஐடிவி என்ற பிரிட்டிஷ் சேனல் 1981இல் தொடங்கிய போட்டி அது. இருவர் ஓர் அணி: பலகையில் 'டார்ட்ஸ்' என்ற சிறு அம்பு எறியத் தெரிந்த ஒருவர், கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர். நடத்துபவர் ஜிம் போவன், முன்னாள் பள்ளி ஆசிரியர். அடுத்த கேள்வி எதுவென்று அவரே தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்துக்காகவே பார்க்கலாம்.

கடைசிச் சுற்றைத் தவறவிடாதீர்கள். அதுவரை ஜெயித்த சாமான்களைப் பணயம் வைத்து, இருவரும் ஆளுக்கு மூன்று அம்பு எறிந்து 101 புள்ளி சேர்க்க வேண்டும். 97இல் நின்றுவிட்டால்? அப்போதும் மறைவை விலக்கி, கைநழுவிய பரிசைக் காட்டுவார்கள்! பல நாள் அது ஒரு மோட்டார் படகு. கடலையே பார்க்காத ஊர்க்காரர்கள் அதை எங்கே கட்டிவைப்பார்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. தோற்றவர்கள் சிரித்துக்கொண்டே கைதட்டுவார்கள். அந்த முகங்களைப் பாருங்கள். விடை தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

கேள்வி: பேரனுக்கு ஏற்றது?

பதில்: 'கிரிஸ்டல் மேஸ்', 1990. அறை அறையாகப் புகுந்து விளையாட வேண்டும்; ஒரு படிகம் வென்றால் கடைசிச் சுற்று நடக்கும் கண்ணாடிக் கூண்டில் ஐந்து விநாடி கிடைக்கும். விளையாடும் அறையிலிருந்து நேரத்துக்குள் வெளியே வராத ஆளை உள்ளேயே பூட்டிவிடுவார்கள். பேரன் கத்துவான், காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.