ஆஸ்திரேலிய அவுட்பேக்ல (உள்நாட்டு வறண்ட பகுதில) ஆத்தங்கரையில காசு குடுக்காம கேம்ப் பண்ண முடியுமா? குழந்தைங்களோட போகலாமா?

தாராளமா போகலாம், ஆனா எந்த மாசம் போறீங்கங்கறதுதான் முக்கியம். நான் பிரிஸ்பேன்ல இருக்கேன், எனக்குத் தெரிஞ்ச ஒரு எடத்த வச்சே சொல்றேன். குயின்ஸ்லாந்து மாநிலத்தோட தென்மேற்குப் பகுதியில விண்டோரான்னு ஒரு குட்டி ஊர். இங்கேருந்து கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர், ரோமா, சார்ல்வில், குவில்பி வழியா போகணும், அவசரப்படாம ரெண்டு நாளா பிரிச்சு ஓட்டுங்க. ஊருக்கு ஒரு பத்து கிலோமீட்டர் முன்னாடியே கூப்பர் க்ரீக்ங்கற ஆறு வந்துடும், அந்தக் கரையிலதான் கேரவன்காரங்க, டென்ட்காரங்க எல்லாம் காசில்லாம தங்குறாங்க. கூலிபா மரத்து நிழல், பால் விட்ட டீ மாதிரி கலங்கின தண்ணி, விடிஞ்சா கொரெல்லாங்கற வெள்ளக் கிளிக் கூட்டம் போடுற சத்தத்துல யாரும் தூங்க முடியாது. யெல்லோபெல்லின்னு ஒரு மீன் கிடைக்கும், பசங்க தூண்டில போட்டுட்டு மணிக்கணக்கா உக்காந்திருப்பாங்க.

இப்ப முக்கியமான விஷயம். வெள்ளம் வரணும்னா நீங்க நிக்கிற எடத்துல மழை பெய்யணும்னு அவசியமே இல்ல. லாங்ரீச் பக்கத்துலேருந்து வர்ற தாம்சன் ஆறும், பிளாக்கால், இசிஸ்ஃபோர்ட் வழியா வர்ற பார்கூ ஆறும் விண்டோராவுக்கு மேல ஒண்ணா சேர்ந்துதான் கூப்பர் ஆகுது. அங்க பெஞ்ச மழை நாள் கணக்கா நகர்ந்து, தலைக்கு மேல பளீர்னு வெயில் அடிக்கிறப்பவே இங்க வந்து சேரும். தரை தட்டையா கெடக்கறதால தண்ணி ஒரே வாய்க்கால்ல ஓடாது, நூறு கிளையா பிரிஞ்சு கிலோமீட்டர் கணக்குல பரவிடும், அதனாலதான் அந்தப் பிரதேசத்துக்கே சேனல் கன்ட்ரின்னு பேரு. நல்ல வெள்ள வருஷத்துல அந்தத் தண்ணி தெற்கால தென் ஆஸ்திரேலியா வரைக்கும் போய் ஐர் ஏரில விழும், கடலுக்குப் போகவே போகாது. 2025 மார்ச் கடைசில வந்த வெள்ளத்துல விண்டோரா, ஜுண்டா பக்கமெல்லாம் ரோடு துண்டாகி, ஆடு மாடு ஏகப்பட்டது செத்துப் போச்சு. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி வானிலைத் துறை சைட்ல ஆத்து மட்டத்தையும், குயின்ஸ்லாந்து அரசோட ரோடு நிலவரத்தையும் பாத்துடுங்க, விண்டோரா மழைய மட்டும் பாத்தா பத்தாது, லாங்ரீச்சையும் சேர்த்துப் பாக்கணும். கேம்ப்லயே மழை புடிச்சிட்டா அது வேற கஷ்டம், கரிசல் மண்ணு டயர்ல அப்பிக்கிட்டு ஃபோர் வீல் டிரைவா இருந்தாலும் அசையாது, மேகம் கட்டுறப்பவே தார் ரோட்டுக்கு ஏறிடுங்க.

போறதுக்கு ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் நல்லது, பகல்ல இதமா இருக்கும், ராத்திரி நல்ல குளிரு, கனமான ஸ்லீப்பிங் பேக் வேணும். டிசம்பர், ஜனவரில 40 டிகிரிக்கு மேல போயிடும், சின்னப் பசங்கள வச்சுக்கிட்டு வேண்டவே வேண்டாம்.

குடிதண்ணி முழுசும் கையோட கொண்டு போயிடுங்க. ரோடு சில எடத்துல ஒரு வண்டி அகலத்துக்குத்தான் தார் போட்டிருக்கும், எதிர்ல ரோட் ட்ரெயின் வந்தா (பின்னாடி ரெண்டு மூணு ட்ரெய்லர் கோத்த லாரி, 50 மீட்டர் நீளம் கூட இருக்கும்) வேகத்தக் குறைச்சு முழுசா ஓரம் எறங்கி நின்னுடுங்க, அது போகட்டும். சாயங்காலம் கங்காரு குறுக்க வரும், இருட்டுறதுக்கு முன்னாடியே டென்ட் போட்டுடணும். பெரிய கிளைக்கு நேர் கீழ டென்ட் வேண்டாம், காத்தே இல்லாதப்ப கூட முறிஞ்சு விழும்.

இந்த மாதிரி எடம் இன்னும் காசில்லாம இருக்குன்னா அது அந்த ஊர்க்காரங்களோட பெரிய மனசு. அதனால பெட்ரோல், பிரெட், ஒரு வேளைச் சாப்பாடுன்னு முடிஞ்சத விண்டோராவிலயே வாங்குங்க, பிரிஸ்பேன்லேருந்து எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டுப் போய் அங்க குப்பைய மட்டும் விட்டுட்டு வர்றது ரொம்ப அநியாயம். டாய்லெட் பேப்பர் கரையோர முள்ளுச்செடியில பறக்கறத பாத்தா எனக்கு வயிறு எரியும். ஒரு போர்ட்டபிள் டாய்லெட் வாங்கிடுங்க. சோப்பு போட்டு குளிக்கறது, பாத்திரம் கழுவறது எல்லாம் தண்ணிய விட்டு நல்லா தள்ளி, ஏன்னா மழை இல்லாத மாசங்கள்ல அந்த மடுவுல மிச்சமிருக்கற தண்ணிதான் மீனுக்கும் பறவைக்கும் மாட்டுக்கும்.

தங்குறதுக்கு எவ்வளவு நாள் அனுமதி, நெருப்பு மூட்டலாமாங்கறதெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், ஊருக்குள்ள இன்ஃபர்மேஷன் சென்டர் இருக்கு, ஒரு எட்டு போய் கேட்டுட்டு அப்புறம் கரைக்கு வாங்க, ஆத்து நிலவரமும் அவங்களுக்குத்தான் நல்லா தெரியும்.