நான்கு சாட்சி யாருக்குப் பாதுகாப்பு?

கேள்வி: விபச்சாரத்தை நிரூபிக்க நான்கு பேர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்கிறது இஸ்லாமியச் சட்டம். குற்றவாளி தப்பிக்க இது வழி செய்யவில்லையா? நம் நாட்டுச் சட்டம் இதைவிட எவ்வளவோ மேல் அல்லவா?

பதில்: தப்பிக்க வழிதான். தெரிந்தே விட்டிருக்கும் வழி. நான்கு பேர் பார்க்க யாரும் அந்தக் காரியத்தில் இறங்குவதில்லை என்பது தெரியாமலா இப்படி ஒரு நிபந்தனை? குர்ஆனின் 24:4 வசனத்தைப் படியுங்கள். ஒரு பெண்ணின் ஒழுக்கத்தின் மீது பழி சொல்லிவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு 80 கசையடி. அதன் பிறகு அவருடைய சாட்சியம் எங்கேயும் எடுபடாது. ஊர் வாயை மூடுவதற்கென்றே வந்த விதி இது.

கலீஃபா உமர் காலத்தில் பஸ்ராவின் ஆளுநர் முகீரா மீதே இந்தக் குற்றச்சாட்டு வந்தது. மூன்று பேர் அடித்துச் சொன்னார்கள். நான்காவதாக வந்த ஸியாத் கொஞ்சம் பார்த்ததாகச் சொல்லிவிட்டு, முக்கியமானதைப் பார்க்கவில்லை என்றார். கசையடி வாங்கியது ஆளுநர் அல்ல, சாட்சி சொன்ன மூவர். அதில் ஒருவர் நபித்தோழர் அபூபக்ரா (முதல் கலீஃபா அபூபக்ர் வேறு, இவர் வேறு).

சாட்சிகள் ஆண்களாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் வைத்ததற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது என்ன பாடு படுத்தும் என்பதைப் பாகிஸ்தான் காட்டியது. ராணுவ ஆட்சியாளர் ஜியாவுல் ஹக் 1979-ல் கொண்டுவந்த ஹுதூத் சட்டம், ஹத்து எனும் மதச்சட்டம் வரையறுத்த கடும் தண்டனைக்கு வன்புணர்வு வழக்கிலும் அதே நான்கு ஆண் சாட்சிகளைக் கேட்டது. 1983-ல் பார்வையற்ற ஓர் இளம்பெண் புகார் கொடுத்தாள். எதிராளிகள் ஆதாரமில்லை என்று விடுதலையானார்கள். அவளுடைய கர்ப்பமோ அவளுக்கே எதிரான சாட்சியானது: 3 ஆண்டு சிறை, 15 கசையடி. ஃபெடரல் ஷரீஅத் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, சரி. ஆனால் வன்புணர்வை அந்தச் சட்டத்திலிருந்து பிரித்தெடுக்க 2006 வரை ஆனது. பழி சொல்பவரைத் தடுக்க வந்த விதியை, பறிகொடுத்தவள் மீதே திருப்பிவிட்டார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு. அருமையான விதி, 2024-ல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்ததும் அதை ஓரங்கட்டி, எஸ்.பி. எழுதி வாங்கியதே சாட்சி என்றார்கள். ராஜீவ் கொலை வழக்கில் 1998-ல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டே அவர்களில் 19 பேரை உச்ச நீதிமன்றம் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

தடா போய்விட்டது, இப்போது ஊபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) இருக்கிறது. போலீஸ் சொல்வது மேலோட்டமாகப் பார்க்க உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது என்கிறது அதன் 43டி பிரிவு. சாட்சிகளை விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். மேல் என்று நீங்கள் சொல்வது இந்தச் சட்டத்தையா, அந்த 25-வது பிரிவையா?