பழைய சீன ஊர் ஒன்றின் கோட்டை வாசலையும் கடைத்தெருவையும் ஒரே நாளில் பார்க்க எங்கே போகலாம்? எப்படிப் பார்ப்பது?

தமிழர் கேட்டால் என் பதில் சுவான்சோ (Quanzhou) தான். தென்கிழக்குக் கரையில் ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கிறது. குவாங்சோ (Guangzhou) வேறு ஊர். பெயர் ஒலிப்பதில் மயங்கித் தவறான ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். ரயிலிலும் ஒரு சிக்கல் உண்டு: சுவான்சோ கிழக்கு, சுவான்சோ தெற்கு என்ற நிலையங்கள் 2023-ல் திறந்த புதிய பாதையில், பழைய நகரத்தை விட்டு வெகுதூரத்தில் இருக்கின்றன. வெறும் ‘சுவான்சோ’ என்று மட்டும் இருக்கும் நிலையத்துக்கு எடுங்கள். ஷியாமென் நகரிலிருந்து அரைமணி, முக்கால் மணி நேரம்தான்.

பார்க்க வேண்டிய வாசல் தேஜி வாசல், அதாவது நகரின் தெற்கு வாசல். மாடமும் வளைவுமாக நிமிர்ந்து நிற்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1948-ல் தீயில் அழிந்துவிட்டது. 2001-ல் தோண்டியெடுத்த அடித்தளம் மட்டும் சாலை மட்டத்துக்குக் கீழே பள்ளமாகத் திறந்து கிடக்கிறது. ஊரில் மாடத்தோடு கம்பீரமாக நிற்கும் வாசல்கள் அண்மைக் காலத்தில் திரும்பக் கட்டியவை. படம் எடுக்க அவை அழகு. பழைய கல்லைப் பார்க்க இந்தப் பள்ளத்துக்குத்தான் வரவேண்டும். 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த சுவான்சோவின் 22 இடங்களில் இதுவும் ஒன்று.

முதலில் எதிரே உள்ள தியான்ஹோ கோயில் வாசலில் நின்று தெற்கே பாருங்கள். கடலோடிகளின் தெய்வமான மாசு அம்மனுக்கு 1196-ல் எழுந்த கோயில் இது. கோட்டை வாசலோ 1230-ல் வந்தது. பழைய மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரைப் பக்கம், கப்பல் வணிகத்தால் கடைகளும் கிடங்குகளும் பெருகிவிட்டன. அவற்றைக் காக்கப் புதிய மதில் எழுப்பினார்கள், அதில் வைத்த வாசல்தான் இது. சந்தை முன்னே வந்தது, மதில் பின்னே வந்தது. இந்த வரிசை மனதில் இருந்தால் கீழே கிடக்கும் கற்கள் பேசத் தொடங்கும். மதிலின் கருங்கல் அடிவரிசை, அகழி, அதன்மேல் சிறு கற்பாலம் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது உளித்தடம் தெளிவாகத் தெரியும். நண்பகலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

இங்கே தோண்டியபோது இஸ்லாமிய, கிறித்துவ, இந்து, பௌத்தச் சிற்பக் கற்கள் கிடைத்தன. மங்கோலியரான யுவான் அரச வம்சத்தின் ஆட்சி முடிந்த கலவரக் காலத்தில் அயல்நாட்டாரின் கோயில்களும் கல்லறைகளும் இடிந்தன, கல் மதிலுக்குள் போனது. 20-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை வெளியே வந்தன. அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தவர் வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர். அவருக்கு நாம் நிரம்பக் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கற்களில் பல இப்போது கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திங்கட்கிழமை விடுமுறை, நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

வாசலிலிருந்து வடக்கே சோங்ஷான் சாலையில் நடங்கள். கடைகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை தொடர்ந்து வரும், மலேசியா, சிங்கப்பூரில் அஞ்சடி என்பார்களே, அதே அமைப்பு. மழையோ வெயிலோ கவலையில்லை. மணிக்கூண்டுவரை சுமார் இரண்டு கிலோமீட்டர். வழியில் தூமென் தெருவில் திரும்பினால் 1009-ல் நிறுவிய சிங்ஜிங் பள்ளிவாசல்.

காய்கறி, மீன் சந்தைக்கு ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். அட்டையில் எழுதியிருக்கும் விலை கிலோவுக்கு அல்ல, ஜின் கணக்கு. ஒரு ஜின் 500 கிராம். தேயிலை, கருவாடு போன்ற விலை கூடிய சரக்குக்குச் சிலர் லியாங் கணக்கில் சொல்வார்கள், அது 50 கிராம்தான். மலிவென்று தலையாட்டிவிட்டால் பில் பத்து மடங்காக வரும். விரலில் விலை காட்டும்போதும் கவனம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நீட்டினால் நம் கண்ணுக்கு இரண்டு, அவர்களுக்கு எட்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் என்றால் ஆறு.

பணத்துக்கு அலிபே செயலியில் உங்கள் கார்டை ஊரிலிருந்தே இணைத்து, குறுஞ்செய்தி சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள். சில சிறு கடைகளின் தனிநபர் கியூஆர் குறியீடு வெளிநாட்டுக் கார்டை ஏற்காது. பத்து, இருபது யுவான் நோட்டுகள் கையில் இருக்கட்டும். வழிக்கு ஆமேப் செயலி. சீன வரைபடங்கள் இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவுகளை வேறு முறையில் கணக்கிடுவதால், வழக்கமான செயலிகளில் உங்கள் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி, பக்கத்துத் தெருவில் நிற்கும்.

சைவர்கள் ஒரு பெயரை நினைவில் வையுங்கள்: தூசுன்தொங். மொழிபெயர்ப்புச் செயலி இதை மூங்கில் குருத்து ஜெல்லி என்று காட்டக்கூடும். உண்மையில் கடற்கரைச் சேற்றுப் புழுவை வேகவைத்து உறையவிட்ட பண்டம். மியான்ஷியன்ஹூ என்ற கூழ்ச் சேமியாவில் மேலே எதுவும் போடாமல் வாங்கினாலும் குழம்பு எலும்பிலோ கடலுணவிலோ வந்ததுதான். ஷிஹுவாகாவ் தயங்காமல் சாப்பிடலாம், அது நம் கடற்பாசிதான், தேன் விட்டுத் தருவார்கள். ‘வோ ச்சி சூ’ என்றால் நான் சைவம் என்று பொருள்.

பிற்பகலில் மணிக்கூண்டிலிருந்து மேற்குத் தெருவில் பத்து நிமிடம் நடந்தால் கையுவான் கோயில், 686-ல் நிறுவியது. கூட்டம் இரட்டைக் கோபுரங்களில் நிற்கும். நீங்கள் பெரிய மண்டபத்தின் முன்மேடைக்குப் போய்க் குனிந்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள்: மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட சிறு பலகைகள். பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். மற்றத் தூண்களுக்கு நடுவே பதினாறு பட்டைகள் கொண்ட தூண்கள் இரண்டு நிற்கும். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் இது. இந்த இரண்டு தூண்களும் அக்காலத்து இந்துக் கோயிலொன்றிலிருந்து வந்தவை. அவசரப்படாமல் ஒவ்வொரு பட்டையாகப் பாருங்கள். இரணியன் குடலைக் கிழிக்கும் நரசிம்மர், ஆய்ச்சியரின் துணியோடு மரத்தில் கண்ணன், முதலை பிடித்த யானையைக் காக்கக் கருடன்மேல் வரும் திருமால். கைபேசி விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். முகங்கள் அப்போதுதான் எழும்பித் தெரியும்.